பல்கலைக்கழக வேலையும் ஊழியர் மனநலமும்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 29 வருடம் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். என் பிரிவில் இருந்த மிகக் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, பணிக்காலம் பாக்கி இருக்கும்போதே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். ஏனம்மா என்று கேட்டேன். “மேடம், பதினெட்டு வருஷமா டிக் அடிக்கிறேன். எதுக்கு அடிக்கிறேன்னே தெரியல” என்றாள். அந்தப் பதில் என்னை விடவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம் மனிதர்களை என்ன செய்கிறது என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன், என் பிரிவில் முடிந்ததைச் செய்தும் பார்த்தேன். மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு பஸ்ஸிலும் சிதம்பரத்திலும் சக ஊழியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

பணி வடிவமைப்பு என்றால் என்ன? யார் யாருக்கு என்ன வேலை என்று போடும் ஆபீஸ் ஆர்டர்தானே?

ஆபீஸ் ஆர்டர் அதில் ஒரு பகுதி. ஒரு வேலையை எத்தனை துண்டாக வெட்டுகிறோம், ஒரு துண்டு செய்பவருக்கு முழு வேலையும் கண்ணில் படுகிறதா, எதை அவரே முடிவு செய்யலாம், எதற்கெல்லாம் மேலே கேட்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரிகிறது, உதவி வேண்டுமென்றால் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று எல்லாம் சேர்ந்ததுதான் பணி வடிவமைப்பு.

பெரும்பாலான அலுவலகங்களில் இதை யாரும் உட்கார்ந்து வடிவமைத்ததே கிடையாது. 40 வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஓய்வு பெற்றபோது அவர் வேலையை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அது இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, யோசிக்கிறவர் ஒருவர் செய்கிறவர் ஒருவர் என்று பிரிக்கும் வழக்கத்துக்குக் கோட்பாடு எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர், 1911-இல். அவர் கண்முன் இருந்தது இரும்பாலை. நம் டிகிரி சர்டிபிகேட் பிரிவும் ஏறக்குறைய அதே முறையில்தான் நடக்கிறது.

எங்கள் பிரச்சினை வேலைப் பளுதான். ஆள் பற்றாக்குறை. ஆள் போட்டால் சரியாகிவிடாதா?

ஆள் போட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மூன்று இருக்கை வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மனநலம் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. 1979-இல் ராபர்ட் காராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களைப் பற்றிய தரவுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். வேலையின் நெருக்கடியோடு, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருக்கடி அதிகம், உரிமை குறைவு என்ற இடத்தில்தான் மனச்சோர்வும் களைப்பும் கூடுதலாக இருந்தன. நெருக்கடியும் அதிகம் உரிமையும் அதிகம் என்றால் மனிதர்கள் களைத்தாலும் கற்றுக்கொள்கிறார்கள், வளர்கிறார்கள். பக்கத்தில் துணைக்கு நிற்கும் சகாக்கள் இருக்கிறார்களா என்பதையும் 1980-களின் கடைசியில் ஜான்சன், ஹால் என்ற இருவர் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள்.

இதற்கு ஆதாரமாக நான் எப்போதும் சொல்வது லண்டன் அரசு ஊழியர்களின் கதை. 1985-இல் தொடங்கி, மைக்கேல் மார்மட் குழுவினர் அங்கே 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்வு என்று பெயர். எல்லோரும் மேசை வேலைக்காரர்கள், நம்மைப் போல. பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் பொறுப்பு அதிகம், அவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நினைப்போம். அங்கே தெரிந்தது நேர்மாறு: கீழ்நிலை ஊழியர்களுக்குத்தான் இதயநோய் அதிகம். அந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கை, தன் வேலைமேல் தனக்குப் பிடிமானம் இல்லாத நிலை விளக்கியது. மனதில் தொடங்குவது உடம்பில் போய் நிற்கிறது.

அதிக வேலை செய்தும் சோர்வில்லாமல் இருந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் ஆவண அறையில் ஜன்னல் பிய்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது. பழைய மதிப்பெண் பதிவேடுகள் நனைந்து கிடந்தன.

அப்போது மேலிடத்தில் கேட்க நேரமும் இல்லை, போனும் இல்லை. அட்டெண்டர் ஒருவர்தான் முதலில் முடிவெடுத்தார். எந்த அலமாரி முதலில் காலியாக வேண்டும், எந்தப் பதிவேட்டைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் போடுவது, எதைக் கட்டோடு நிறுத்திக் காயவைப்பது என்று அவருக்குத்தான் தெரிந்தது. கண்காணிப்பாளர்கள் அவர் சொன்னபடி கேட்டோம். எங்கள் வீட்டுக் கூரையே போயிருந்தும் விடியற்காலையில் வந்து இருட்டும்வரை வேலை பார்த்தோம். அந்த நாட்களில் ஒருவர் முகத்திலும் நான் அலுப்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தான் காப்பாற்றுவது என்ன என்று தெரிந்தது, காய்ந்து அடுக்கிய கட்டு கண்முன் இருந்தது.

பிப்ரவரியில் கரண்ட் வந்து பழைய முறை திரும்பியதும் அந்த அட்டெண்டர் மறுபடி பைல் தூக்கப் போய்விட்டார். ஆவணங்களைப் பற்றி அவரிடம் அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் பிரிவில் வேலை குறைவுதான். ஆனாலும் ஞாயிறு மாலையே மனசு கனக்கிறது. நான் சோம்பேறியா?

இல்லை. நெருக்கடியும் உரிமையும் கூடுவதையும் குறைவதையும் வைத்துக் காராசெக் வேலைகளைப் பிரித்த நாலு வகையில் இதுவும் ஒன்று: நெருக்கடியும் குறைவு, உரிமையும் குறைவு. இதைச் செயலற்ற வேலை என்றார் அவர். இருக்கிற திறமையும் மெல்ல மெல்ல மழுங்கிப்போகும் இடம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் “உனக்கென்ன, நிழல்ல உட்கார்ந்த வேலை” என்பார்கள். அதனால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் பணிநிரவல் என்று வேறு கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போனது உங்களுக்குத் தெரியும். அப்படிப் போனவர்களிடம் பேசிப் பாருங்கள். சம்பளம் வருகிறது, வேலையும் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் இருபது வருடம் தேர்வுப் பணி பழகிய கைக்கு அந்த ஊரில் வேலை இல்லை என்பதை அவர்கள் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

ஐந்து அம்சங்கள் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-களின் நடுவில் கொடுத்த அளவீட்டு முறை அது. ஒரு வேலை மனசுக்கு நிறைவு தருமா என்று பார்க்க ஐந்து கேள்வி கேட்கச் சொன்னார்கள். பலவகைத் திறமைக்கு இடம் இருக்கிறதா? ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்ய முடிகிறதா? அந்த வேலையால் யாருக்காவது பயன் உண்டா? எப்படிச் செய்வதென்று நாமே முடிவு செய்யலாமா? செய்தது எப்படி வந்தது என்று தெரிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். முதல் மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதை நாலாவதாலும் ஐந்தாவதாலும் பெருக்க வேண்டும். என் பிரிவில் விண்ணப்பத்தோடு இணைப்புகள் இருக்கின்றனவா என்று டிக் அடிக்கும் இருக்கைக்கு நானே போட்டுப் பார்த்தேன். திறமை 2, முழுமை 1, பயன் 6. சராசரி 3. முடிவு செய்யும் உரிமை 2, விளைவு தெரிவது 1. பெருக்கினால் 6. உச்ச மதிப்பெண் 343! பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

பெருக்குவதா கூட்டுவதா என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள், வெறுமனே கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே பலன் என்று காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சவாலான வேலை பிடிக்கும் என்றும் ஹேக்மனும் ஓல்டமும் சொல்லவில்லை, வளர வேண்டும் என்ற ஆசை ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் அந்த ஐந்து கேள்வி மட்டும் இத்தனை வருடத்துக்கு அப்புறமும் உதவுகிறது.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? ஒரு உதாரணம் வேண்டும்.

டிகிரி சர்டிபிகேட்டையே எடுத்துக்கொள்வோம். எங்களிடம் அது இப்படிப் போகும். தபால் பிரிவில் விண்ணப்பம் பதிவாகும். ஒருவர் இணைப்பு பார்ப்பார். கணக்குப் பிரிவில் கட்டணம் சரிபார்ப்பார்கள். தேர்வுப் பிரிவில் ஒருவர் மதிப்பெண் எடுப்பார், இன்னொருவர் ஒப்பிடுவார். அச்சுக்குப் போகும். கையெழுத்து, முத்திரை. அப்புறம் அனுப்புகைப் பிரிவு. எட்டு மேசை. விருத்தாசலத்திலிருந்து அப்பாவோடு வந்த பையன் கவுண்டரில் நின்று “என்னாச்சு சார், வெள்ளிக்கிழமை இன்டர்வியூ” என்பான். கவுண்டரில் இருப்பவருக்கு அது எந்த மேசையில் இருக்கிறதென்றே தெரியாது. ஆனால் திட்டு முழுக்க அவருக்கு. உள்ளே இருக்கும் எட்டுப் பேருக்கும் அந்தப் பையன் முகம் தெரியாது. இரண்டு பக்கமும் கெட்ட வடிவமைப்பு: ஒருவருக்குச் சுமை, மற்றவர்களுக்கு அர்த்தம் இல்லை.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டு, மாணவர் வாரியாகப் பிரித்தோம். இந்தப் பதிவெண் வரிசை இவருடையது. விண்ணப்பம் வந்ததிலிருந்து தபாலில் போகும்வரை அவரே பார்ப்பார். விண்ணப்பதாரருக்கு அவர் பெயர் தெரியும், ஏதாவது குறைந்தால் அவரே போன் போட்டுச் சொல்வார். கவுண்டரில் ஆளுக்கு ஒரு நாள் முறை.

ஆடிட்டில் கேட்பார்களே என்று உடனே கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஒரே கை எல்லாம் செய்தால் முறைகேட்டுக்கு வழி திறக்கும். அதனால் பணமும் மதிப்பெண்ணும் மட்டும் கட்டாயம் இரண்டாவது ஆள் கண்ணில் பட வேண்டும் என்று வைத்தோம். அந்த இரண்டைத் தவிர மற்ற ஒப்புதல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். எடுத்துப் பார்த்தபோதுதான், பல கையெழுத்துகள் எதற்காக வாங்கினோம் என்று எவருக்குமே தெரியவில்லை என்பது புரிந்தது.

மூன்று மாதம் குழப்பமாகத்தான் இருந்தது. கணக்குப் பார்க்கத் தெரியாதவர் கணக்குக் கற்க வேண்டியிருந்தது, அதில் ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு நாள், நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது என்று ஒரு உதவியாளரின் பெயரைக் கேட்டு வந்து, கையில் ஒரு டப்பா லட்டு கொடுத்துவிட்டுப் போனார். அந்த உதவியாளர் அதை எல்லா மேசைக்கும் எடுத்துப்போய்க் கொடுத்தபோது அவர் நடையே வேறு.

பேராசிரியர்களுக்கு எல்லாச் சுதந்திரமும் இருக்கிறது. அவர்களுக்கு என்ன கஷ்டம்?

இந்தக் கேள்வி எங்கள் அலுவலக ஊழியர்களிடமிருந்துதான் வரும். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மீதி நேரம் ஆராய்ச்சிக்கும் தயாரிப்புக்கும் என்றுதான் எண்ணம். அந்த மீதி எங்கே போகிறது என்று ஒரு ஆசிரியரிடம் ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கு ஒரு படிவம், தேசியத் தரவரிசைக்கு ஒரு படிவம், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு ஒரு படிவம். கேட்பது பெரும்பாலும் அதே விவரம், கட்டம் மட்டும் வேறு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கேட்கிறார்கள், கட்டுரை எழுதும் நேரத்தைப் படிவம் எடுத்துக்கொள்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாம் அதற்கு மேல்.

வகுப்புக்குள் சுதந்திரம் இருக்கிறது, வகுப்புக்கு வெளியே போகும் நேரம் அவர்கள் கையில் இல்லை. இதற்கு வழி எளிது: ஒரு முறை கொடுத்த தரவை மறுபடி ஆசிரியரிடம் கேட்கக் கூடாது. துறைக்கு ஒரு தரவு உதவியாளர் போதும். அந்த உதவியாளருக்கும் அது டிக் அடிக்கும் வேலையாகிவிடாமல், துறையின் முழு அறிக்கையும் அவர் பொறுப்பு, அவர் பெயரில் என்று இருக்க வேண்டும்.

கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதியக்காரர் நிலை? பணி வடிவமைப்பு அவர்களுக்கு என்ன செய்யும்?

கொஞ்சம்தான் செய்யும். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும்: போடும் உழைப்புக்கும் திரும்பி வருவதற்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே நோயாகிறது. திரும்பி வருவது என்றால் சம்பளம், மரியாதை, வேலை நிலைக்கும் என்ற உறுதி மூன்றும். அதே பாடம், அதே வகுப்பு, அதே விடைத்தாள், பக்கத்து நாற்காலியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, அதுவும் அடுத்த ஜூனில் கூப்பிடுவார்களா தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைப் பணி வடிவமைப்பால் மூட முடியாது. மூட முயல்வதும் தப்பு. நிர்வாகம் சம்பளத்துக்குப் பதிலாக “பொறுப்பு தருகிறோம்” என்றால் ஏற்காதீர்கள்.

மரியாதை என்ற ஒரு பங்கை மட்டும் துறைத்தலைவர் இன்றைக்கே கொடுக்கலாம். கால அட்டவணையை முன்கூட்டியே கேட்டுப் போடுவது, துறைக் கூட்டத்துக்கு அழைப்பது, உட்கார மேசை, பெயர்ப்பலகையில் பெயர். 41 வயதில் முனைவர் பட்டத்தோடு ஸ்டாஃப் ரூம் மூலையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவரை நான் பார்த்திருக்கிறேன்.

துப்புரவுப் பணியாளர், காவலர், ஆய்வக உதவியாளர் வேலையில் என்ன வடிவமைக்க இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2001-இல் ஏமி விரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம். சிலர் தரை துடைப்பதே வேலை என்று இருந்தார்கள். வேறு சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்து, அவர்களோடு பேசினார்கள், நர்சுகளின் வேலையைக் கவனித்துத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். தன் வேலையைத் தானே செதுக்கிக்கொள்வது என்று அதைச் சொல்லலாம்.

நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. விடுதிக் காவலர் ஒருவர், இரவில் தனியாக நடந்துகொண்டிருக்கும் முதலாண்டுப் பையனிடம் “சாப்டியாப்பா?” என்று கேட்பார். அது எந்த ஆபீஸ் ஆர்டரிலும் இல்லை. ஆனால் இப்போது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் வழியாக ஆள் வருவதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுகிறார்கள். ஒரு விடுதியையும் அதன் பிள்ளைகளையும் தெரிந்துகொள்ள நேரமே கொடுப்பதில்லை. ஒரே கட்டடத்தில் அவர்களை நிலையாக வைப்பது, எந்த நேரத்தில் எதைச் சுத்தம் செய்வதென்று அவர்களிடமே கேட்பது, நல்ல கருவியும் ஓய்வறையும் கொடுப்பது. பெரிய செலவில்லாத காரியங்கள்.

சுழற்சி முறையில் எல்லோரையும் பிரிவு மாற்றினால் போதாதா?

ஒரு அலுப்பான மேசையிலிருந்து இன்னொரு அலுப்பான மேசைக்குப் போவது சில மாதம் புதிதாக இருக்கும், அவ்வளவுதான். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968-இலேயே இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொன்னார்: வேலையைப் பக்கவாட்டில் அகலப்படுத்துவது வேறு, பொறுப்பையும் முடிவெடுப்பதையும் சேர்த்து ஆழப்படுத்துவது வேறு. நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே இடமாற்றம் என்றாலே தண்டனை என்று பொருள். ஒருவரைப் புதிதாகக் கற்கட்டும் என்று மாற்றினால்கூட, “என்ன தப்பு பண்ணினான்?” என்று கேன்டீனில் பேசுவார்கள். முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேட்டு, காலவரை குறித்து மாற்றுங்கள்.

எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. ஆனாலும் வேலை ஏன் குறையவில்லை?

ஏனென்றால் கணினியிலும் ஏற்றுகிறோம், பைலிலும் நோட்டு போடுகிறோம். இரண்டில் ஒன்றை நிறுத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை. அத்துடன் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் “நாளை காலை 10 மணிக்குள்” என்று வரும் செய்தி. அலுவலக நேரத்துக்கு அப்புறம் குழுவில் எதுவும் போடுவதில்லை, அவசரம் என்றால் போன் செய்வது என்று ஒரு பிரிவு முடிவு செய்தால் அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெண்களுக்கு வேறு விதமாக இருக்கிறதா?

இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து காலாப்பட்டு போக, புதுச்சேரியில் பஸ் மாறி, ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். காலையில் சமைத்து, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, விரல் ரேகை இயந்திரத்தின் முன் ஐந்து நிமிடம் தாமதமாக நிற்கும்போது வரும் படபடப்பு எனக்கு 29 வருடம் பழக்கம். வந்து சேரும் நேரத்தில் முன்பின் அரை மணி நேரம் விட்டுக்கொடுத்து, அதை மாலையில் ஈடுகட்டச் சொன்னால் வேலை எதுவும் கெடாது. தன் நேரத்தின்மேல் தனக்கு ஒரு பிடி இருக்கிறது என்ற நிம்மதி வரும். கூட்டங்களை மாலை நாலு மணிக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கூட்டம் நடத்துபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும்.

வாரம் ஒரு யோகா வகுப்பு வைத்திருக்கிறார்களே?

நல்லதுதான், போங்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதல்களே, தனி நபருக்கான பயிற்சியோடு நின்றுவிடாமல் வேலையின் நிலைமைகளையும் மாற்றச் சொல்கின்றன. யோகா முடிந்து திரும்பும் மேசை அதே மேசையாக இருந்தால், சோர்வும் அங்கேயேதான் காத்திருக்கும்.

எங்கள் பிரிவில் மனநிலை எப்படி இருக்கிறது என்று அளக்க முடியுமா?

முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வாக்கிய அளவுகோல் ஒன்று 1998 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது புத்துணர்வு இருந்ததா, என் நாள் எனக்குப் பிடித்த விஷயங்களால் நிறைந்திருந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். 50-ஐத் தாண்டவில்லை என்றால் கவனிக்க வேண்டும் என்று பொருள், நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். நாலு பேர் உள்ள பிரிவில் கையெழுத்தைப் பார்த்தே ஆள் தெரிந்துவிடும், ஆகவே பல பிரிவுகளைச் சேர்த்துச் செய்யுங்கள். வாங்கிய தாளைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டால், அடுத்த முறை ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள்.

இது சாதாரணச் சோர்வா, நோயா என்று எப்படித் தெரியும்?

வேலையால் வரும் எரிந்துபோன நிலையை (ஆங்கிலத்தில் பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் வேலை சார்ந்த நிகழ்வாக வைத்திருக்கிறது, நோயாக வைக்கவில்லை. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் என மூன்று அடையாளம் சொல்கிறது. விடுமுறையில் குறைந்து திங்களன்று திரும்பினால், வேலையைப் பாருங்கள். விடுமுறையிலும் போகவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, வாழ்வதே பாரம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. விடுப்புக் கடிதத்தில் காரணம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போங்கள்.

நான் சாதாரண உதவியாளர். மேலே யாரும் மாற மாட்டார்கள். நான் என்ன செய்ய?

உங்கள் மேசைக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களிடம் போய், நான் அனுப்புவது உங்களுக்கு எப்படி வந்தால் வசதி என்று கேளுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். முடித்தவற்றுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பைல் எண்ணோடு அந்த மனிதரின் ஊரையும் எழுதுங்கள். புவனகிரி, திட்டக்குடி, காரைக்கால். எண் மறந்துபோகும், ஊர் மறக்காது.

நீங்கள் செய்த மாற்றம் இப்போதும் இருக்கிறதா?

முழுதாக இல்லை. நான் ஓய்வு பெற்று எட்டு மாதத்தில், புதிதாக வந்தவர் மறுபடி கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குப் பழகிய முறை அது. எழுத்தில் ஆணையாக வாங்காமல் என் பொறுப்பில் நடத்தியது என் தப்பு. நீங்கள் செய்தால் முதலில் பதிவாளரிடம் ஆணை வாங்குங்கள்.

இரண்டு விஷயம் மட்டும் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். குறை இருந்தால் விண்ணப்பதாரருக்கு உதவியாளரே நேரடியாகப் போன் செய்கிறார். கவுண்டரில் இன்னும் ஆளுக்கு ஒரு நாள்தான்.